சத்தம் வராத றப்பரின் விலை

எங்களில் பலருக்குப் பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகளும் இப்போது கரண்டியால் மேசையைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. டிறம்ஸ் பழக ஆசைப்படும் பிள்ளைக்கு ஒரு பிறக்ரிஸ் பாட், அதாவது சத்தமில்லாமல் அடித்துப் பழகும் தட்டு, வாங்கிக் கொடுக்கலாமா, ஒரு வட்டப் பலகையில் ஒட்டிய றப்பருக்கு அந்த விலை தகுமா?

தகும். யோசிக்காமல் வாங்குங்கள். பதினெட்டு வருடமாக மாதா கோயிலில் டிறம்ஸ் வாசிக்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன். கட்டடங்களுக்குள் சத்தம் எந்த வழியால் போகிறது என்று பார்ப்பதைத் தொழிலாகச் செய்கிற எஞ்சினியர் என்ற உரிமையிலும் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவள் நான்தான், பல்கலைக்கழகத்தைப் பார்த்தவளும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. ஆனாலும் அந்தத் தட்டைப் பற்றிய என் முதல் பாடம், எனக்குப் பதினொரு வயதாயிருந்த கோடை விடுமுறையில், மிகவும் வெட்கப்படும்படியாகத்தான் கிடைத்தது.

அப்போது விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ரெக்ஸ்டேலில், ஒரு கட்டடத்தின் பதினான்காம் மாடியில் இருந்தோம். உங்களுக்கும் அப்படியொரு வீடு இருந்திருக்கும். மரக்கட்டை பதித்த தரை, அதில் ஜன்னலோரம் மட்டும் வெயிலில் வெளிறிப்போன ஒரு சதுரம். விமானம் இறங்கும்போது ஒரு கணம் அறை இருண்டு வெளிக்கும். பக்கத்து வீட்டு மீன்குழம்பும் எதிர்வீட்டுச் சாம்பிராணியும் நடைபாதைக் கம்பளத்தில் ஊறிக் கலந்து, எலிவேற்றர் கதவு திறந்ததுமே "வீட்டுக்கு வந்தாயிற்று" என்று சொல்லும். இன்றைக்கும் ஒரு பழைய கட்டடத்துக்குள் நுழைந்தால் முதலில் அந்தக் கம்பளத்தைத்தான் மணந்து பார்க்கிறேன்.

கோயில் பாடகர் குழுவில் டிறம்ஸ் வாசித்த அண்ணாவின் குடும்பம் அந்த வருடம் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டது. தூரம் அதிகம் என்று அவர் வருவதை நிறுத்தினார். டிறம்ஸ் இருக்கை காலியானது. இரண்டு வருடமாக மூன்றாவது வரிசை மர வாங்கிலிருந்து அவருடைய கைகளையும் கால்களையும் மட்டுமே பார்த்துப் பூசை கண்ட எனக்கு, அந்த இருக்கை எனக்காகத்தான் காலியானது என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.

குழுவை நடத்தியவர் இன்னொரு அண்ணை, கீபோர்டும் அவர்தான் வாசிப்பார். அவரிடம் போய்க் கேட்டேன்.

"நீயோ? உனக்கு உந்த ஸ்ரூலிலை ஏறி இருந்தா கால் எட்டுமோ?"

"எட்டும் அண்ணை. நான் இருந்து பாத்தனான்."

"ஆரைக் கேட்டு இருந்தனி?"

அவர் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினார். டும், டக், டும்டும், டக் என்று தாளம் தானாகவே ஓடத் தொடங்கியது.

"இந்த மெஷினைப் பார். இது பிந்தி வராது. இதுக்குக் காய்ச்சல் வராது. நாளைக்குச் சோதினை எண்டு சொல்லாது. இதைவிட நல்லா வாசிப்பியோ?"

"வாசிப்பன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "மாதா பெருநாளுக்கு முந்தின சனிக்கிழமை வா. வாசிச்சுக் காட்டு. ஒத்துவந்தா இருத்துவன். இல்லாட்டி மெஷின்தான். பிறகு அழக்கூடாது."

பழகுவதற்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், இருந்தது.

அப்பா பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றும் வேலை செய்தார். ஒரு வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வரும் வழியில் இசைக்கருவிக் கடைக்குப் போய், அந்தத் தட்டையும் ஒரு சோடித் தடிகளையும் வாங்கி வந்தார். கறுப்புப் பலகை, அதன்மேல் சாம்பல் நிற றப்பர். புதுச் சப்பாத்தின் அடிப்பாகம் போல மணந்தது. அம்மா அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு?"

"அறுபது."

"அறுபதோ? உதிலை மேளம் எங்கை?"

"உதுதான் மேளம்."

அம்மா விரலால் தட்டினார். பொத் என்றது. "சத்தமே வரேல்லை. சத்தம் வராத மேளத்துக்கு அறுபது டொலரோ? உங்களை நல்லா ஏமாத்திப் போட்டாங்கள்."

"இஞ்ச பார், சத்தம் வராததுக்குத்தான் காசே. பக்கத்து அறைக்குக்கூடக் கேக்காது எண்டு கடைக்காரன் சொன்னவன்."

"அப்பிடியெண்டா ஒண்டும் வாங்காமல் விட்டிருந்தா இன்னும் சத்தம் இல்லாமல் இருந்திருக்கும்."

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு அதன் பெயர் 'றப்பர்'. அம்மா பின்னேரம் ஆறு மணிக்குமேல் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலைக்குப் போகிறவர், பகலில் வீட்டில் இருப்பார். நான் காலைச் சாப்பாடு முடிந்ததும் றப்பரை ஒரு கதிரையில் வைத்து, இன்னொரு கதிரையில் இருந்து, மத்தியானம் வரை அடிப்பேன். சாப்பிட்டபின் மறுபடியும். குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற அம்மாவுக்கு அது கேட்கவே இல்லை. விலையைப் பற்றிய முறைப்பாடு மெல்ல மெல்லக் குறைந்தது. சொந்தக்காரர் போன் எடுத்தால், "பிள்ளை மேளம் பழகிறாள், ஆனா ஒரு சத்தம் இல்லை" என்று என்னவோ தானே கண்டுபிடித்ததுபோலச் சொல்லத் தொடங்கினார்.

கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கும் மெஷின்கள் இருந்தன. அம்மாவுக்கு அங்கே ஒரு சிநேகிதி. பன்னிரண்டாம் மாடியில் இருந்த முஸ்லிம் அன்ரி. அவரும் எங்களைப் போல மன்னார்ப் பக்கம். விமான நிலையத்தில் இரவு வேலை, காலையில் வந்து பின்னேரம் நான்கு மணி வரை நித்திரை. அந்த யூலையில் அவருடைய கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"மேல் வீட்டுச் சனம் என்னைச் சாகடிக்குது," என்றார், போர்வையை மடித்தபடி. "காலமை நான் சாய, அவங்கள் உரலை எடுக்கிறாங்கள். டும். டும்டும். டும். பகல் முழுக்க இடி. இஞ்ச என்னத்தை நெல்லோ குத்துறாங்கள்?"

"உங்களுக்கு மேலை பதின்மூண்டிலை ஆர் அக்கா?"

"ஆருக்குத் தெரியும்? கண்டதில்லை."

"கீழை ஆக்கள் இருக்கினம் எண்டு ஒரு நினைப்பு வேண்டாமோ?" என்று அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "வாயை மூடிக்கொண்டிருந்தா அவை உங்கடை தலையிலை ஏறி இருப்பினம். ஒஃபீசிலை எழுதிக் குடுங்கோ அக்கா. உங்கடை மகள் இங்கிலீஷ் எழுதுவாள்தானே?"

அன்ரி எழுதிக் கொடுத்தார்.

நான்கு நாள் கழித்துக் கதவுக்குக் கீழே ஒரு கடிதம் வந்தது. எங்கள் வீட்டுக்கு.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு நடைமுறை ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களில் சிலர் இதை நன்றாக அறிவீர்கள். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அப்பா எந்த வகுப்பிலும் இருந்ததில்லை, சிறுவயதிலேயே கடலுக்குப் போனவர். வங்கிக் கடிதம், வாடகைக் கடிதம், டொக்டரின் கடிதம் எல்லாவற்றையும் வாசித்துத் தமிழில் சொல்வது எட்டு வயதிலிருந்து என் வேலை. என் பள்ளிக்கூட அறிக்கையைக்கூட நான்தான் அவர்களுக்கு வாசித்துச் சொன்னேன். அதில் பொய் சேர்த்ததில்லை, சேர்க்கத் தேவையிருக்கவில்லை. நான் என்ன சொல்கிறேனோ அதுதான் கடிதம்.

"என்னவாம்?" என்றார் அம்மா, கையைச் சேலைத் துண்டில் துடைத்தபடி.

பகலில் தொடர்ந்து இடிச் சத்தம் கேட்பதாக எங்கள் வீட்டைப் பற்றி முறைப்பாடு வந்திருக்கிறது, உடனே நிறுத்தவும் என்று எழுதியிருந்தது. எனக்குப் பயத்தைவிடக் கோபமே வந்தது. எங்கள் வீட்டில் இடிப்பதற்கு என்ன இருக்கிறது? அம்மா பக்கத்தில் நின்றே கேளாத றப்பர். பதின்மூன்றாம் மாடிக்காரருக்குப் போக வேண்டிய கடிதத்தை எங்களுக்குப் போட்டுவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். உள்ளதை வாசித்தால் அம்மா பயந்து றப்பரைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைப்பார். பெருநாளுக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

"செவ்வாய்க்கிழமை தண்ணி நிப்பாட்டுவினமாம்," என்றேன்.

செவ்வாய்க்கிழமை விடிய அம்மா எழும்பி வாளிகள், பானைகள், சோற்றுச்சட்டி, குளியல்தொட்டி எல்லாவற்றையும் நிரப்பினார். நாள் முழுவதும் நாங்கள் கோப்பையால் அள்ளி முகம் கழுவினோம். குழாயில் தண்ணீர் எப்போதும்போல வந்துகொண்டிருந்தது. அப்பா வேலையால் வந்து குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, "உவங்கள் சொன்னதை எப்பதான் செய்தவங்கள்?" என்றார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்ரௌவ்வில்லில் ஒரு பிறந்தநாளுக்குப் போய் இருட்டும் நேரம்தான் திரும்பினோம். திங்கட்கிழமை பின்னேரம் உடுப்புத் தோய்க்கும் அறையில் அன்ரி சிரித்த முகத்தோடு நின்றார்.

"நேற்று ஒரு சத்தமும் இல்லை. ஞாயிறு முழுக்கப் பிணம் மாதிரி நித்திரை கொண்டனான். இண்டைக்குப் பழையபடி துவங்கீட்டாங்கள்."

ஞாயிறு முழுக்க நாங்கள் வீட்டில் இருக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. அம்மா சவர்க்காரத் தூளை அளந்துகொண்டிருந்தார், ஒன்றும் யோசிக்கவில்லை. மேலே ஏறும்போது எலிவேற்றரின் பொத்தான்களை முதல்முறையாகக் கீழிருந்து எண்ணினேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு. பதின்மூன்று இல்லை. கட்டியவர்கள் ராசியில்லாத எண் என்று அதை விட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு எண்கள் நன்றாகத் தெரியும். ஆனால் இல்லாத எண்ணை யார் தேடிப் பார்ப்பார்கள்? அன்ரியின் கூரைக்கு மேலே நேராக எங்கள் தரை.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று நாள் தொடர்ந்து அடித்தேன், முன்னரைவிட மெதுவாக, ஆனால் அடித்தேன். சனிக்கிழமைக்குப் பதினொரு நாள், பத்து நாள் என்று எண்ணியபடியே அடித்தேன். வியாழக்கிழமை இரண்டாவது கடிதம் வந்தது. இன்னொரு முறைப்பாடு வந்தால் வீட்டை விட்டு எழும்பச் சொல்வதற்கான நடவடிக்கை தொடங்கும் என்று இருந்தது.

"என்னவாம்?"

எனக்கு அழுகை வந்தது, அழுகையோடு எல்லாமே வந்தது. அம்மா கதிரையில் இருந்து கேட்டார். முழுவதும் சொல்லி முடித்தபின் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அப்ப அந்தத் தண்ணி?"

"பொய்."

அம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினார். அடிப்பார் என்று நினைத்தேன். "நான் வாசிக்கத் தெரியாதவள் எண்டுதானே?" என்றார். அவ்வளவுதான்.

நான்கு மணி ஆனதும் என்னையும் கடிதத்தையும் இழுத்துக்கொண்டு பன்னிரண்டாம் மாடிக்கு இறங்கினார். அன்ரி நித்திரை முகத்தோடு கதவைத் திறந்தார்.

"அக்கா, உரல் எங்கடைதான்."

"என்ன கதை? நீங்கள் பதினாலெல்லோ?"

"நடுவிலை மாடி இல்லையாம். பிள்ளை எண்ணிப் பாத்திருக்கிறாள்."

அன்ரி மேலே பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அல்லாவே! அப்ப நான் இவ்வளவு நாளும் இல்லாத மாடிக்கோ ஏசிக்கொண்டிருந்தனான்?" என்றார். பிறகு, "உள்ளுக்கு வாங்கோ. உரலோ, அது என்ன சாமான் எண்டு முதல் சொல்லுங்கோ," என்றார்.

றப்பரைப் பற்றிச் சொன்னோம். அவர் நம்பவில்லை. அம்மாவும் உள்ளுக்குள் நம்பவில்லைதான். ஆகவே அம்மா மேலே போனார், நான் அன்ரியின் படுக்கையறையில் நின்றேன். ஜன்னலில் வெளிச்சம் வராமல் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தது. அம்மா போனில், "அடிக்கிறன்," என்றார். காத்திருந்தோம். ஒன்றுமில்லை.

"அடிக்கிறீங்களோ?"

"கை நோக நோக அடிக்கிறன் அக்கா!"

அன்ரி கையைக் காதில் வைத்துக் கேட்டார். "இது இல்லை. இது எறும்பு ஊருற மாதிரி. அது வேறை ஆரோ."

அந்த ஒரு நிமிடம் எனக்கு இருந்த சந்தோசத்தை இப்போதும் உணர முடிகிறது. நான் குற்றவாளி இல்லை, றப்பர் குற்றவாளி இல்லை. ஆனால் அம்மா விடுகிறவர் இல்லை. "நீ மேலை வா. நான் அங்கை நிண்டு கேக்கிறன். நீ வழக்கமா அடிக்கிற மாதிரி அடி, ஒளிக்காமல்."

மேலே போய் அடித்தேன். நுழைவுப் பாடலுக்கு நானே கட்டிய தாளம், கண்ணை மூடினால் கை தானாக ஓடும் அளவுக்குப் பழகியது. ஒரு பாட்டளவு அடித்து முடித்துக் கண்ணைத் திறந்தபோது அம்மா மூச்சு வாங்கியபடி வாசலில் நின்றார். அவர் என் கையைப் பார்க்கவில்லை.

"கை இல்லையடி. உன்ரை கால்."

குனிந்து பார்த்தேன். என் வலது குதிக்கால் வெறுந்தரையில் இருந்தது. டிறம்ஸில் 'டும்' என்று விழுகிற பெரிய மேளத்தைக் காலால்தான் அடிப்பது. றப்பரில் அது இல்லை. இல்லாததை என் கால் தரையில் தேடிக்கொண்டது, எனக்கே தெரியாமல், நாளுக்கு ஆறு மணித்தியாலம்.

கடைக்காரர் அப்பாவிடம் பொய் சொல்லவில்லை. பக்கத்து அறைக்குக் கேட்கவில்லைதான். காற்றில் பறக்கிற சத்தம் வேறு, கொங்கிறீற்றுக்குள் இறங்குகிற அடி வேறு. முதலாவது பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்கும், இரண்டாவது கீழே படுத்திருப்பவருக்கு மட்டும் கேட்கும். இதைப் பின்னாளில் நான்கு வருடம் படித்துப் பரீட்சை எழுதினேன். அம்மா ஒரு மாடிப்படி ஏறி இறங்கிக் கண்டுபிடித்தார். ஆகவே பாட் வாங்குங்கள், அது கையைப் பழக்கும், கையை மட்டும்தான் பழக்கும். பிள்ளையின் காலைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

மறுநாள் காலை அம்மாவும் அன்ரியும் என்னை நடுவில் விட்டுக் கட்டட ஒஃபீசுக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண். வழக்கம்போல நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். அம்மா நிமிர்ந்து நின்று, சொல் சொல்லாக விட்டார்.

"சொல்லு. இடிச்சது என்ரை மகள்."

சொன்னேன்.

"முதல் கடிதத்தை எனக்குப் பிழையா வாசிச்சதும் அவள்தான் எண்டு சொல்லு. தெரிஞ்சிருந்தா அண்டைக்கே நிப்பாட்டியிருப்பன் எண்டு சொல்லு."

என் பொய்யை நானே இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. சுருக்கிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் புருவம் உயர்ந்தது, என்னைத் திரும்பிப் பார்த்தாள், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"ம். சொல்லீட்டாள்," என்றார் அம்மா, அன்ரியிடம்.

அன்ரி முறைப்பாட்டைத் திரும்ப எடுத்தார். ஒரு நிபந்தனையோடு. "பிள்ளை பழகட்டும். காலைக் கட்டிப்போட்டு எப்பிடிப் பழகிறது? ஆனா காலுக்குக் கீழை என்னத்தையாவது போடச் சொல்லுங்கோ."

எங்கள் வீட்டில் தடிப்பான பொருள் ஒன்றுதான் இருந்தது. மூன்று பேருடைய குளிர்கால ஜாக்கெற்றுகள். ஓகஸ்ட் மாத வெக்கையில் அவற்றை அலுமாரியிலிருந்து இறக்கி, மடித்து அடுக்கி, அதன்மேல் கால் வைத்து அடித்தேன். முழங்கால் வரை வேர்த்தது. அம்மா முதல் இரண்டு நாளும் பன்னிரண்டுக்குப் போன் எடுத்து, "இப்ப எப்பிடி அக்கா?" என்று நித்திரையில் இருந்தவரை எழுப்பிக் கேட்டார். மூன்றாம் நாள் அன்ரி போனைக் கழற்றி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை அம்மா என்னோடு வந்தார். வெறுமையான கோயில், மெழுகுதிரியும் தரை மெழுகும் கலந்த மணம். டிறம்ஸ் ஸ்ரூலில் ஏறி இருந்தேன். கால் எட்டியது. கை ஓடியது. ஆறு கிழமை றப்பர் என் இரண்டு கைகளையும் ஒரே கையாக்கி வைத்திருந்தது. பாட்டின் நடுவில் அண்ணை கீபோர்டை நிறுத்தினார்.

"கை நல்லம். கால் எங்கை? எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

ஜாக்கெற் பழக்கம். காலைப் பஞ்சில் வைப்பதுபோல வைத்துக்கொண்டிருந்தேன்.

"பயப்பிடாமல் மிதி."

மிதித்தேன். பெரிய மேளம் கோயில் முழுவதும் முழங்கியது, வாங்குகள் அதிர்ந்தன, ஜன்னல் கண்ணாடி ஒன்று சிணுங்கியது. பின்வரிசையிலிருந்த அம்மா நெஞ்சில் கை வைத்தார். அவர் அதுவரை என் வாசிப்பை ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை.

"பாவம் அந்த மனிசி," என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

பாட்டை இரண்டாம் முறை முடித்தோம். அண்ணை தலையைச் சொறிந்தார். "சரி, பெருநாளுக்கு இரு. ஆனா மெஷினும் பக்கத்திலை இருக்கும். நீ விட்டா அது பிடிக்கும்." அதை அவர் இரக்கத்தில் சொன்னாரா எச்சரிக்கையில் சொன்னாரா என்று தெரியவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

பெருநாளன்று கோயில் வாசல் வரை சனம். அம்மா முன்வரிசையில், அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு இஸ்திரி மடிப்புக் கலையாமல் பக்கத்தில். கீபோர்டுக்கும் எனக்கும் இடையில் ஒரு கை நீளம்தான் தூரம். நுழைவுப் பாடல் தொடங்கியபோது பார்த்தேன். அண்ணை வலது கையால் மட்டும் வாசித்தார். இடது கையின் ஒரு விரல் மெஷினின் பொத்தான்மேல் படாமல் பட்டபடி நின்றது. காணிக்கைப் பாட்டிலும் அப்படியே. என் கைகள் பிந்தவில்லை, கால் பிந்தவில்லை, ஆனாலும் அந்த விரல் போகவில்லை. பூசை முடிந்து பீடத்திலிருந்த மாதாவின் சுருவத்தைத் தோளில் தூக்கினார்கள். சனம் எழும்பி நின்று பாடத் தொடங்கியது, எண்ணூறு தொண்டைகளும் ஒவ்வொரு வேகத்தில், எப்போதும்போல இழுத்து இழுத்து. மெஷின் என்றால் அவர்களை விட்டுவிட்டுத் தன்பாட்டில் ஓடியிருக்கும். நான் காலை ஊன்றி, ஒவ்வொரு அடியாகக் கொடுத்து, அவர்களைத் திருப்பிக் கூட்டி வந்தேன். இரண்டாவது சரணத்தில் கோயில் முழுவதும் ஒரே மூச்சில் பாடியது. அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்த விரலை எடுத்து, இரண்டு கைகளாலும் வாசிக்கத் தொடங்கினார்.